நோயாளியே இல்லாத ஊரில் போலியோ: சாக்கடைத் தண்ணீர் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

கேள்வி இதுதான்: "ஊரில் போலியோ நோயாளி ஒருவர்கூட இல்லை. ஆனாலும் சாக்கடைத் தண்ணீரில் போலியோ வைரஸ் இருந்ததாம். அதனால் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு மறுபடியும் மருந்து கொடுக்கிறார்களாம். சாக்கடை என்றாலே கிருமிதானே, அதில் என்ன புதுமை? அதை வைத்துக்கொண்டு நோய் பரவுகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?"

நியாயமான சந்தேகம். முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். பாக்டீரியாக்களில் பல சாக்கடையிலேயே வளரும், பெருகும். வைரஸ் அப்படி இல்லை. உயிருள்ள செல்லுக்கு வெளியே அதனால் ஒன்று இரண்டாக முடியாது. போலியோ வைரஸ் பெருகுவது மனிதக் குடலிலும் தொண்டையிலும்தான். ஆடு, மாடு, எலி, கொசு எதுவும் அதைச் சுமந்து வருவதில்லை. ஆகவே ஒரு மேன்ஹோலில் எடுத்த தண்ணீரில் போலியோ வைரஸ் இருந்தால், அந்தக் குழாய்க்கு மேலே இருக்கும் வீடுகளில் யாரோ ஒருவர் அண்மையில் அதை மலத்தோடு வெளியேற்றியிருக்கிறார் என்றுதான் பொருள்.

அந்த யாரோ ஒருவர் ஏன் மருத்துவரிடம் வரவில்லை? அவருக்கு ஒன்றுமே செய்யவில்லை என்பதால். போலியோ தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் செயலிழக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. இன்னும் சிலருக்கு இரண்டு நாள் காய்ச்சல், தொண்டை வலி, வயிற்றுக் கோளாறு என்று வந்து போய்விடும். ஆனால் அத்தனை பேரும் சில வாரங்களுக்கு மலத்தில் வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருப்பார்கள். முதல் குழந்தை கால் விளங்காமல் ஆஸ்பத்திரிக்கு வரும்போது அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கானவர்களை வைரஸ் தொட்டிருக்கும். ஃபின்லாந்தில் 1984–85இல் நடந்ததைப் பாருங்கள். இருபது வருடம் போலியோவே இல்லாமல் இருந்த நாடு. நோயாளிகளாக வெளியே தெரிந்தவர்கள் 10 பேர். தொற்றியவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வழியான கண்காணிப்பு இன்றைக்கும் முதுகெலும்புதான். 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கையோ காலோ தளர்ந்துவிட்டால், காரணம் எதுவாகத் தோன்றினாலும் தகவல் போக வேண்டும். 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளியில், இரண்டு மல மாதிரிகள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டு மாதிரிகள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் உள்ள ஆய்வகத்துக்குப் போகும். இந்த ஏற்பாடு இல்லாமல் இந்தியா போலியோவை ஒழித்திருக்கவே முடியாது. ஆனால் அது ஒரு குழந்தையின் கால் போன பிறகுதான் பேச ஆரம்பிக்கும். சாக்கடை நீர் அதற்கு முன்பே பேசும்.

இது கொரோனா காலத்தில் வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் பால், ஜேம்ஸ் டிராஸ்க் இருவரும் 1939லேயே அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரக் கழிவுநீரில் போலியோ வைரஸைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்போது செல் வளர்ப்பு முறை இல்லை. கழிவுநீரைப் பக்குவப்படுத்திக் குரங்குக்கு ஊசியாகச் செலுத்தி, அதற்குப் பக்கவாதம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதிரிக்கு ஒரு குரங்கு என்றால் எத்தனை ஊர்களைச் சோதிக்க முடியும்? 1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் நரம்பல்லாத திசுச் செல்களில் போலியோ வைரஸை வளர்த்துக் காட்டிய பிறகுதான் இது நடைமுறைக்கு வந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில், 1948இல், இங்கிலாந்தில் பிரெண்டன் மூர் பாராடைஃபாய்டு கிருமியைச் சுமப்பவர்களைத் தேடி, மடித்த காஸ் துணியைச் சாக்கடைக்குள் கட்டித் தொங்கவிட்டு, சில நாள் ஊறவைத்து எடுத்துச் சோதித்தார். ஒவ்வொரு கிளைக் குழாயாக மேலே போனால் கடைசியில் ஒரு தெருவில், ஒரு வீட்டில் போய் நிற்கலாம். மூர் துணி என்ற பெயரில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் டைஃபாய்டு கிருமியைச் சாக்கடையில் தேட அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

சரி, மாதிரி எடுப்பதிலிருந்து முடிவு வரும் வரை என்ன நடக்கிறது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். செய்தித்தாளில் "சாக்கடையில் போலியோ" என்ற தலைப்புக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு யாருக்கும் தெரிவதில்லை.

மாதிரி எடுக்க நல்ல நேரம் விடியற்காலை. ஊர் எழுந்து கழிவறைக்குப் போகும் நேரம், வைரஸ் அதிகம் வரும் நேரம். பம்பிங் ஸ்டேஷனிலோ பெரிய ஓடையிலோ வாளியை இறக்கி ஒரு லிட்டர் எடுப்பார்கள். சில நாடுகளில் தானியங்கிக் கருவி 24 மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்து வைக்கும். தொழிற்சாலைக் கழிவு கலக்கும் இடமாக இருக்கக்கூடாது. அந்த ரசாயனம் வைரஸையும் கொல்லும், ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களையும் கொல்லும். பாட்டில் ஐஸ் பெட்டியில் ஏறி ஆய்வகம் போகும் வரை குளிர் விடக்கூடாது.

அந்த ஒரு லிட்டரில் வைரஸ் இருந்தாலும் விரல் விட்டு எண்ணும் அளவுதான் இருக்கலாம். ஆகவே அரை லிட்டரைச் சில மில்லிலிட்டராகச் சுருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த பழைய முறையில், பாலிஎத்திலீன் கிளைக்காலையும் டெக்ஸ்ட்ரானையும் கலந்து, கூம்பு போன்ற பிரிபுனலில் ஊற்றி இரவு முழுக்கக் குளிர் அறையில் வைப்பார்கள். காலையில் பார்த்தால் திரவம் இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கும். வைரஸ் எல்லாம் கீழே உள்ள மெல்லிய அடுக்கிலும் இரண்டும் சந்திக்கும் படலத்திலும் இறங்கியிருக்கும். திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக அதை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். குளோரோஃபார்ம் சேர்த்துப் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் கொல்வார்கள். போலியோ வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, அதனால் குளோரோஃபார்ம் அதை ஒன்றும் செய்யாது.

அப்புறம் செல் வளர்ப்பு. இரண்டு வகைச் செல்கள். ஆர்.டி. என்ற மனிதச் செல்லில் பலவகைக் குடல் வைரஸ்கள் வளரும். எல்20பி என்பது எலிச் செல். போலியோ வைரஸ் மனிதச் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் புரதத்தை ஏற்பி என்பார்கள். அந்த மனித ஏற்பியின் மரபணுவை இதில் செருகியிருக்கிறார்கள். போலியோ வைரஸ் தாராளமாக வளரும், மற்ற குடல் வைரஸ்கள் பெரும்பாலும் வளராது. சாக்கடையில் நூறுவகை வைரஸ் இருக்கும்போது நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க இதைவிட அழகான வழி எனக்குத் தெரிந்து இல்லை. தினமும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நன்றாகப் படர்ந்து ஒட்டியிருந்த செல்கள் உருண்டு, சுருங்கி, கண்ணாடியிலிருந்து கழன்று மிதக்க ஆரம்பித்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை, மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனை செய்து, போலியோ வைரஸின் மூன்று வகைகளில் எது என்று பார்ப்பார்கள். கடைசியாக விபி1 என்ற புரதத்துக்கான மரபணுவை, சுமார் 900 எழுத்துகளை, முழுதாக வாசிப்பார்கள்.

இந்தக் கடைசிப் படிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஏனென்றால் சாக்கடையில் போலியோ வைரஸ் இருந்தாலே ஆபத்து என்று இல்லை. நாம் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த உயிர் வைரஸ். முகாம் முடிந்த வாரம் எந்த ஊர்ச் சாக்கடையிலும் அது இருக்கும், இருக்கவும் வேண்டும். அந்தத் தடுப்பு மருந்து வைரஸ், தடுப்பூசி குறைவாகப் போட்ட ஊர்களில் குழந்தையிலிருந்து குழந்தைக்குத் தாவித் தாவிப் பல மாதங்கள் சுற்றினால், மெல்ல மாறி மறுபடி நரம்பைத் தாக்கும் குணத்தைப் பெற்றுவிடும். விபி1 மரபணு வருடத்துக்குச் சுமார் ஒரு விழுக்காடு மாறுகிறது. எனவே எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணினால் வைரஸ் எவ்வளவு காலமாகச் சுற்றுகிறது என்று தெரியும். முதல் வகையிலும் மூன்றாம் வகையிலும் 10 எழுத்து, இரண்டாம் வகையில் 6 எழுத்து மாறியிருந்தால் அது தடுப்பு மருந்திலிருந்து பிறழ்ந்த வைரஸ் என்று அறிவிப்பார்கள். எந்த நாட்டு வைரஸுக்கு நெருக்கம் என்பதும் அதே எழுத்துகளில் இருக்கிறது.

மும்பையில் 2001இல் தாராவி போன்ற குடிசைப் பகுதிகளை வைத்து இந்தியாவின் சாக்கடைக் கண்காணிப்பு தொடங்கியது. பரேலில் இருந்த எண்டிரோவைரஸ் ஆய்வு மையம்தான் செய்தது. மும்பையில் அப்போது போலியோ நோயாளிகள் அதிகம் இல்லை. ஆனால் சாக்கடையில் காட்டு வைரஸ், அதாவது தடுப்பு மருந்திலிருந்து வராத இயற்கையான போலியோ வைரஸ், திரும்பத் திரும்ப வந்தது. மரபணுவை வாசித்தால் உத்தரப்பிரதேசம், பீகார் வைரஸின் சொந்தக்காரன். வேலை தேடி ரயிலேறி வந்த குடும்பங்களோடு அதுவும் வந்துகொண்டிருந்தது. பின்னர் டெல்லி, பாட்னா, கொல்கத்தா என்று விரித்தார்கள். கடைசியாக இந்தியச் சாக்கடையில் காட்டு வைரஸ் கிடைத்தது 2010 நவம்பரில், மும்பையில். கடைசி நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் வந்தது. நோயாளி இல்லை என்பதோடு சாக்கடையிலும் இல்லை என்று காட்ட முடிந்ததால்தான் அந்தச் சான்றிதழை நம்பிக்கையோடு வாங்க முடிந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும் நிகழ்வு, இஸ்ரேலில் 2013இல் நடந்தது. இதை நான் யாருக்கு விளக்கினாலும் முதலில் சொல்வேன்.

இஸ்ரேல் 1989லிருந்தே சாக்கடை நீரைத் தொடர்ந்து சோதித்து வந்த நாடு. 2005இல் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, செயலிழந்த வைரஸ் உள்ள ஊசியை மட்டும் போட்டு வந்தார்கள். ஏறக்குறைய 95 விழுக்காடு குழந்தைகளுக்குப் போட்டாயிற்று. உலகத் தரத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெகேவ் பாலைவனத்தில் ராஹத் என்ற ஊர் இருக்கிறது, பெடூவின் என்ற அரபு இன மக்கள் வாழும் ஊர். அங்கே 2013 ஏப்ரல் 9 அன்று எடுத்த சாக்கடை மாதிரியில் காட்டுப் போலியோ முதல் வகை கிடைத்தது. மே மாத இறுதியில் உறுதியானது. பழைய மாதிரிகளை எடுத்துத் திரும்பச் சோதித்தால், பிப்ரவரியிலேயே அது நாட்டுக்குள் வந்திருந்தது தெரிந்தது. மரபணுவின் பூர்வீகம் பாகிஸ்தான். 2012 டிசம்பரில் கெய்ரோ நகரின் சாக்கடையில் கிடைத்த வைரஸ் அதற்கு நெருங்கிய உறவு.

நோயாளி ஒருவர்கூட இல்லை. அப்படியானால் யார் சுமக்கிறார்கள்? மல மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, சுமந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தடுப்பூசி போட்ட சிறு குழந்தைகள். ஊசி மருந்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கி, வைரஸ் நரம்புக்குப் போகாமல் தடுக்கும். குடலின் உட்சுவரில் அது தரும் பாதுகாப்பு குறைவு. வைரஸ் குடலில் குடியேறி, பெருகி, வெளியே போய்க்கொண்டே இருக்கும். குழந்தை துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும். சொட்டு மருந்து வாய் வழியாகப் போவதால் குடலிலேயே எதிர்ப்பை உண்டாக்கும். ஆகவே சங்கிலியை அறுக்கச் சொட்டு மருந்துதான் வழி.

ஆகஸ்டு மாதம் தெற்கில் தொடங்கி நாடு முழுவதும், 2004 முதல் பிறந்த குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். சுமார் 9 லட்சம் குழந்தைகள். இதை நினைத்துப் பாருங்கள்: இந்தப் பெற்றோர்களிடம் அரசு கேட்டது என்ன? "உங்கள் குழந்தைக்கு ஆபத்து இல்லை, ஊசி ஏற்கெனவே காப்பாற்றுகிறது. ஆனால் அது சுமக்கும் வைரஸ் ஊசி போடாத பக்கத்து வீட்டுக் குழந்தையையோ எதிர்ப்புச் சக்தி குன்றிய தாத்தாவையோ தாக்கலாம். அவர்களுக்காக இரண்டு சொட்டு போட்டுக்கொள்ளுங்கள்." இதைக் கேட்பது எளிதல்ல. அங்கே பெரிய விவாதமே நடந்தது. மறுத்த பெற்றோர்களும் உண்டு. ஆனாலும் பெரும்பாலானவர்கள் வந்தார்கள். 2014இல் சாக்கடை சுத்தமானது. ஒரு குழந்தைகூடக் கால் இழக்கவில்லை.

அதே வைரஸ் குடும்பம் அதே 2013இல் சிரியாவின் தேர் எஸ்ஸோர் பகுதியிலும் இருந்தது. அங்கே குழந்தைகள் முடங்கிய பிறகுதான் தெரிந்தது. மொத்தம் 36 குழந்தைகள். போரினால் தடுப்பூசித் திட்டமே சிதைந்திருந்த இடம் அது. ஆகவே வித்தியாசம் முழுவதையும் சாக்கடைக் கண்காணிப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் என்ன செய்ய முடியும், தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆண்டே சாட்சி.

ஒரு தடவை கிடைத்தால் பதற வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. லண்டன் நகரத்தின் பெக்டன் சுத்திகரிப்பு நிலையம் சுமார் 40 லட்சம் மக்களின் கழிவுநீரைக் கையாள்கிறது. பிரிட்டனில் வருடத்துக்கு ஒன்று முதல் மூன்று முறை தடுப்பு மருந்து வைரஸ் தட்டுப்படுவது வழக்கம்தான். வெளிநாட்டில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வந்த யாரோ ஒருவர் கொண்டுவந்திருப்பார், அடுத்த மாதம் காணாமல் போய்விடும். 2022இல் அப்படி நடக்கவில்லை. பிப்ரவரியில் வந்தது மறுபடி வந்தது, மறுபடியும் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கொன்று உறவான வைரஸ், எழுத்துகள் மட்டும் கூடுதலாக மாறியிருந்தன. ஒருவர் வந்து போனதல்ல, ஊருக்குள் கை மாறுகிறது என்று அதிலிருந்துதான் முடிவு செய்தார்கள். ஜூன் 22 அன்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் லண்டனில் 1 முதல் 9 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கூடுதல் தவணை போட முடிவெடுத்தார்கள். நோயாளி ஒருவரும் வரவில்லை.

அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ராக்லாண்ட் கவுண்டியில் கதை தலைகீழ். தடுப்பூசியே போடாத ஓர் இளைஞருக்குக் கால்கள் செயலிழந்து, ஜூலையில் போலியோ என்று உறுதியானது. அதற்குப் பிறகுதான், கொரோனாவுக்காக எடுத்து வைத்திருந்த கழிவுநீர் மாதிரிகளை வெளியே எடுத்துப் போலியோவுக்குச் சோதித்தார்கள். மே மாத மாதிரிகளிலேயே வைரஸ் இருந்தது. மாதிரி கையில் இருந்தும் அந்தக் கேள்வியை யாரும் அதனிடம் கேட்கவில்லை. அந்தக் கவுண்டியில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 60 விழுக்காட்டுக்குத்தான் போலியோ தடுப்பூசி முறையாகப் போட்டிருந்தது. வைரஸின் மரபணு லண்டனுக்கும் எருசலேமுக்கும் உறவு சொன்னது.

காசாவைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. போருக்கு முன்பு, 2022இல், அங்கே 99 விழுக்காடு குழந்தைகளுக்குப் போலியோ தடுப்பூசி போட்டிருந்தது. 2024 ஜூன் மாதம் கான் யூனிஸ், தேர் அல் பலா இரண்டு இடங்களில் எடுத்த சாக்கடை மாதிரிகளில் பிறழ்ந்த இரண்டாம் வகை வைரஸ் கிடைத்தது. ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குப் போலியோ உறுதியானது. 25 ஆண்டுகளில் அங்கே முதல் நோயாளி. சாக்கடை சரியான நேரத்தில் சொன்னது. மருந்து போய்ச் சேர செப்டம்பர் 1 ஆனது. முதல் சுற்றில் சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள்.

இந்தியாவிலும் சான்றிதழ் வாங்கிய பிறகு இது பயன்பட்டிருக்கிறது. இரண்டாம் வகைச் சொட்டு மருந்தை உலகம் முழுவதும் 2016 ஏப்ரலில் நிறுத்தினார்கள். அடுத்த சில வாரங்களிலேயே ஹைதராபாத் சாக்கடையில் பிறழ்ந்த இரண்டாம் வகை வைரஸ் கிடைத்தது. ஜூன் மாதத்தில் அங்கேயும் ரங்காரெட்டி மாவட்டத்திலும் சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்கு, தோலுக்குள் போடும் ஐந்தில் ஒரு பங்கு அளவு ஊசியைப் போட்டு முடித்தார்கள்.

இந்த முறையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். சாக்கடை ஊரைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஸ்லோவாக்கியாவில் ஸ்கலிட்சா என்ற ஊரில் 2003 முதல் 2005 வரை பிறழ்ந்த இரண்டாம் வகை வைரஸ் சாக்கடையில் வந்துகொண்டே இருந்தது. எழுத்து மாற்றத்தை எண்ணினால், யாரோ ஒருவரின் குடலில் அது பத்தாண்டுக்கும் மேலாகக் குடியிருந்திருக்க வேண்டும். குழாய் குழாயாக மேலே போய்த் தேடினார்கள். ஆள் கிடைக்கவே இல்லை. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குன்றிய சிலர் இப்படி ஆண்டுக்கணக்கில் வெளியேற்றுவது உண்டு. பிரிட்டனில் ஒருவர் 28 ஆண்டுகள் வெளியேற்றியதாக 2015இல் பதிவாகியிருக்கிறது. அவருக்கு அதனால் பக்கவாதம் வரவில்லை.

"இல்லை" என்ற முடிவையும் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. கனமழையில் சாக்கடை நீர்த்துப்போகும். வைரஸ் திட்டுத் திட்டாக வரும். வாளி இறங்கிய நிமிடத்தில் அது கடந்துபோயிருக்கலாம். ஒரு மாதிரியில் இல்லை என்றால் அந்த மாதிரியில் இல்லை, அவ்வளவுதான். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் விடாமல் எடுத்தால் மட்டுமே இல்லாமைக்கு மதிப்பு.

நீர்த்துப்போனதா இல்லையா என்று எப்படித் தெரியும்? இதற்கு ஒரு சுவையான வழி இருக்கிறது. மிளகாய்ச் செடியைத் தாக்கும் வைரஸ் ஒன்று உண்டு. மிளகாய்ப் பொடி, சாஸ் என்று நாம் சாப்பிடும் பலவற்றிலும் அது இருக்கும். நமக்கு ஒரு தீங்கும் செய்யாமல் வயிற்றைக் கடந்து மலத்தில் ஏராளமாக வெளியேறும். 2006இல்தான் இதைக் கண்டறிந்தார்கள். இப்போது கழிவுநீர் ஆய்வாளர்கள் அந்த மிளகாய் வைரஸை அளந்து, இந்த மாதிரியில் மனித மலம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள். அது குறைந்திருந்தால் மழைநீர் அதிகம் என்று பொருள். அதற்கேற்ப மற்ற வைரஸின் அளவைத் திருத்திக்கொள்ளலாம்.

போலியோவோடு இது நிற்பதில்லை. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் 2013 ஜனவரி முதல் மே வரை கழிவுநீரைச் சோதித்தபோது, வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோவைரஸ் சாக்கடையில் உச்சத்தைத் தொட்டது. பெரும்பாலான நோயாளிகளுக்கு நோய் உறுதியானது அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் கழித்துத்தான். வாந்தி பேதிக்காக எத்தனை பேர் ஆஸ்பத்திரி போய்ப் பரிசோதனை செய்கிறார்கள்? இத்தகைய நோய்களில் சாக்கடைக் கணக்குதான் உண்மைக்கு அருகில் இருக்கும்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் பலர் மனதில் இருப்பது குடிநீர் பயம். சாக்கடையில் வைரஸ் கிடைத்தது என்றால் குழாய்த் தண்ணீரில் இருக்கிறது என்று பொருள் அல்ல. ஆனால் இரண்டும் கலக்கும்போது நடப்பதை டெல்லி பார்த்திருக்கிறது. 1955இல் வெள்ளத்துக்குப் பிறகு யமுனை போக்கை மாற்றிக்கொண்டது. நஜஃப்கர் ஓடையின் கழிவு, வஜீராபாத் குடிநீர் நிலையம் தண்ணீர் இழுக்கும் இடம் வரை பின்னேறி வந்துவிட்டது. பொறியாளர்கள் கவனித்துக் குளோரினைக் கூட்டினார்கள். பாக்டீரியாச் சோதனைகளில் பெரிய பிரச்சினை தெரியவில்லை, டைஃபாய்டும் அதிகரிக்கவில்லை. ஆனால் சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. பிற்காலத்தில் அது ஹெபடைடிஸ் ஈ என்று தெரிந்தது. பாக்டீரியாவைக் கொல்லப் போதுமான குளோரின் வைரஸுக்குப் போதவில்லை. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயத்தில் சாதாரணமாக லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் போதும் என்றும், வைரஸிலிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் குறைந்தது 0.5 இருக்க வேண்டும் என்றும் தனியாகவே எழுதியிருப்பது இதனால்தான். உங்கள் தெருவில் காமாலை பரவுவதாகத் தெரிந்தால், கோலிஃபார்ம் பாக்டீரியாச் சோதனையில் தேறிவிட்டது என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள், எஞ்சிய குளோரின் எவ்வளவு என்றும் கேளுங்கள். அதுவரை தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. மேலே சொன்னது எல்லாம் பாதாளச் சாக்கடை இருக்கும் ஊர்களின் கதை, அல்லது எல்லாக் கழிவும் வந்து சேரும் ஒரு பெரிய ஓடையாவது இருக்கும் ஊர்களின் கதை. தமிழ்நாட்டின் பல சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். மாதிரி எடுக்கப் பொதுவான ஓர் இடமே இல்லை. செப்டிக் டேங்கைக் காலி செய்யும் லாரிகள் கொண்டுவந்து கொட்டும் கசடுக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையங்களில் மாதிரி எடுக்கலாம், பள்ளிக்கூடம், பேருந்து நிலையம் போன்ற இடங்களின் கழிப்பறைத் தொட்டிகளில் எடுக்கலாம். செப்டிக் டேங்கில் மாதக்கணக்கில் கிடந்த கழிவு, போன வாரம் நடந்ததைச் சொல்லாது என்பது உண்மைதான். இருந்தாலும் பெருநகரத்தை மட்டும் பார்த்துவிட்டு மாநிலத்தையே பார்த்ததாக நினைப்பதைவிட அது மேல். ஏழைக் குழந்தைகளும் தடுப்பூசி தவறிய குழந்தைகளும் அதிகம் இருக்கும் இடங்கள்தான் பெரும்பாலும் குழாய் போகாத இடங்களாகவும் இருக்கின்றன.

இனி உங்கள் ஊர்ச் சாக்கடையில் போலியோ வைரஸ் என்று செய்தி வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். தடுப்பு மருந்து வைரஸா, பிறழ்ந்ததா, காட்டு வைரஸா? ஒரு தடவையா, தொடர்ந்து வருகிறதா? முன்பு கிடைத்ததற்கு உறவா, தனியா? இதைப் பொறுத்துத்தான் அடுத்த நடவடிக்கை. வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்ப்பது. பிறந்தவுடன் ஒரு சொட்டு மருந்து, அப்புறம் 6, 10, 14 வாரங்களில், ஒன்றரை வயதை ஒட்டி ஒரு ஊக்கத் தவணை. ஊசி 6 வாரம், 14 வாரம். 2023 ஜனவரியிலிருந்து 9 மாதத்தில் மூன்றாவதும் சேர்ந்திருக்கிறது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் நாளில் குழந்தையைக் கூட்டிப் போங்கள். ஐந்து வயதுக்குள் சொட்டு மருந்துத் தவணை தவறியிருந்தால் அங்கேயே சரிசெய்து கொடுப்பார்கள். முகாம் அறிவித்தால், எல்லாம் போட்டாயிற்று என்று வீட்டில் இருந்துவிடாமல் அந்தச் சொட்டையும் கொடுத்துவிடுங்கள்.